அடுத்த சனிக்கிழமை யார் வருவார்?

சிங்கப்பூரில் நாம் 'தொண்டூழியம்' என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு நொடி முழிப்பார்கள். அங்கே 'தன்னார்வலர்' என்றுதான் வழக்கம். எனக்கு நம் சொல்தான் பிடிக்கும். ஆனால் அதன் பின்பாதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. சர்க்கார் ஆள் வந்து கூப்பிட்டால் போகணும், சொன்னதைச் சுமக்கணும், கணக்கு முடிந்ததும் வீடு திரும்பணும். யாருக்காகச் சுமந்தோம் என்று கேட்கக்கூடாது. முன்பாதி தொண்டு, பின்பாதி ஊழியம். இன்றைக்கு நாம் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் செய்துகொண்டிருக்கிறோம். இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு அவ்வளவுதான்.

தோ பாயோவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் சிறு குழு ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். அமைப்பு, பதிவு எண், சின்னம் எதுவும் கிடையாது. ஆறு மேசை, இருபது நாற்காலி, ஒரு வெள்ளைப்பலகை. உதவி செய்ய விரும்புகிறோம் என்று எழுதிப் போடுகிறவர்களுக்குக் குறையே இல்லை. வருகிற வாட்ஸ்அப் செய்திகளில் பத்துக்கு ஏழு ஒரே கேள்வியோடு வரும்: "அண்ணா, எத்தனை மணி நேரம் போட்டுக் குடுப்பீங்க?" பிள்ளைகளுக்கு என்ன வயசு, எதில் சிரமப்படுகிறார்கள், என்ன மொழியில் பேசுகிறார்கள் என்று முதலில் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். 1997இல் கல்வி அமைச்சு சமூக ஈடுபாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது மாணவர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் சமூகப் பணி செய்யவேண்டும் என்று விதித்தது. நோக்கம் நல்லதுதான். வீடு, பள்ளி, துணைப்பாட வகுப்பு என்று சுற்றிக்கொண்டிருந்த பிள்ளையை வெளியே கொண்டுவந்து பக்கத்து புளோக்கைக் காட்டியது. 2012இல் 'வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்' என்று பெயரும் மாறியது, அணுகுமுறையும் மாறியது. மணிக்கணக்கைவிட என்ன கற்றாய் என்பதே முக்கியம் என்றார்கள். அதுவும் சரி. ஆனால் 2014இலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இருக்கும் லீப்ஸ் 2.0 முறையில், சேவைப் பிரிவின் முதல் நிலைக்கு 24 மணி நேரம், இரண்டாம் நிலைக்கு 30, மூன்றாம் நிலைக்கு 36 என்று கணக்கு திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல் போக ஒரு திட்டத்தில் ஈடுபடணும். எல்லாப் பிரிவும் சேர்ந்து நல்ல தேர்ச்சி வந்தால், தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போகும்போது 2 போனஸ் புள்ளி வரை கிடைக்கும்.

நம் பெற்றோருக்கு இரண்டு புள்ளி என்றால் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. "எங்க போய் செஞ்சா சீக்கிரம் முடியும்?" என்று அம்மாக்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரியவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள் ஒரே நிற டி-ஷர்ட்டில் நாற்பது பேர் பேருந்தில் வந்து இறங்குவார்கள். இரண்டு மணி நேரம் வேலை, அரைமணி நேரம் படம், அப்புறம் பிரியாணி. நாற்பதை இரண்டரையால் பெருக்கி 100 மணி நேரத் தொண்டு என்று ஆண்டறிக்கையில் போடுவார்கள். கணக்கு தப்பில்லை. அந்த 100 மணி நேரத்தால் யாருக்கு என்ன ஆச்சு என்பதற்குத்தான் அறிக்கையில் பக்கம் இருக்காது.

தோ பாயோ லோரோங் 6இல் டிராகன் விளையாட்டுத் திடல் இருக்கிறது. 1979இல் வீவக கட்டியது. ஊரெல்லாம் இடித்து ரப்பர் தரை போட்ட பிறகும் மணல் தரையோடு மிச்சமிருப்பதால் எப்போதும் யாராவது படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வருவார்கள், டிராகன் தலைமேல் ஏறி நிற்பார்கள், எடுப்பார்கள், போவார்கள். டிராகனுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை, அது சிமெண்ட். அதே பேட்டையின் ஓரறை வாடகை வீடுகளில் இருக்கும் கிழவிகளையும், கீழ்த்தளத்து மேசைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் நாம் டிராகனைப் போலவே நடத்துகிறோம். அவர்கள் சிமெண்ட் இல்லை.

என்ன நஷ்டம் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'ஏதோ வந்தவரைக்கும் லாபம்தானே' என்று நினைக்கிறவர்கள் நிறைய. எங்களிடம் ஒரு பையன் இருந்தான், தொடக்கநிலை இரண்டு. ஓராண்டில் ஏழு பேர் அவனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏழு பேரும் நல்லவர்கள், ஏழு பேரும் அன்பானவர்கள். ஏழு பேரும் எழுதிவைத்த குறிப்பு ஒன்றேதான்: "நன்றாக வாசிக்கிறான், கொஞ்சம் கூச்சம்." எட்டாவதாக வந்த பெண் விடாமல் வந்தாள். நாலாவது வாரம்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. புத்தகத்தை நடுவில் திறந்து ஒரு வரியைக் காட்டினாள். பையனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. யாராவது ஒருமுறை வாசித்துக்காட்டினால் அதை அப்படியே மனப்பாடமாகப் பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்திருக்கிறான். கெட்டிக்காரன். புதிய ஆள் வரும்போதெல்லாம் அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லுபடியாகியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அவன் முதல் நாள் பிள்ளை.

ஒரு வருஷம் போச்சு. ஏழு வயசில் ஒரு வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை. தொடக்கநிலை மூன்றுக்குப் போனதும் கணக்குக்கூட வாக்கியமாகத்தான் வரும். வாசிக்கத் தெரியாதவன் கணக்கிலும் தோற்பான். அடுத்தது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. எவ்வளவு நேரம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் ஏழு பேரும் சேர்ந்து அந்தப் பெண்ணைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் கண்டுபிடித்தது, திரும்பி வந்தவள்.

பெரியவர்கள் விஷயம் இன்னும் மோசம். எங்கள் பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டை ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள் சுத்தம் செய்தன. மூன்றாவது குழு தூக்கிப்போட்ட மூட்டையில் அவர் கணவரின் பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தன. மற்றவர்களுக்குக் குப்பை, அவருக்கு அதுதான் கடைசியாக மிஞ்சியிருந்த கையெழுத்து. அவர் என்னிடம் சொன்னது இது: "வர்றவங்க எல்லாம் என் பேரைக் கேட்டு எழுதிக்கிறாங்க தம்பி. ஒருத்தர் பேராச்சும் எனக்குத் தெரியுமா? கேக்குறதுக்குள்ள போயிடுறாங்க."

உடனே ஒரு மறுப்பு வரும். ஒரு நாள் உதவி, உதவி இல்லையா? உதவிதான். 2020இல் தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டிருந்தபோது சாப்பாட்டுப் பொட்டலம் கட்டவும், முகக்கவசம் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆயிரம் கை வேண்டியிருந்தது. எந்தக் கையாக இருந்தாலும் சரி. அரிசி மூட்டை தூக்கவும், கோயில் அன்னதானத்தில் பரிமாறவும் ஒரு நாள் ஆள் போதும். பொருளைக் கையாளும் வேலையை யாரும் செய்யலாம், எப்போதும் செய்யலாம். மனுசனைக் கையாளும் வேலையை அப்படிச் செய்ய முடியாது. அங்கே உங்கள் கையைவிட உங்கள் முகம்தான் தேவை, அதுவும் போன வாரம் பார்த்த அதே முகம். இந்த இரண்டையும் ஒரே படிவத்தில், ஒரே 'மணி நேரம்' என்ற கட்டத்தில் எழுதவைத்ததில்தான் எல்லாக் குழப்பமும்.

லிட்டில் இந்தியாவில் 2008இலிருந்து டிடபிள்யூசி2 அமைப்பு நடத்தும் கஃப் ரோடு திட்டத்தைப் பாருங்கள். காயம்பட்டோ சம்பளத் தகராறிலோ வேலையிழந்து, வழக்கு முடியும்வரை ஊருக்கும் போக முடியாமல் வேலையும் செய்ய முடியாமல் கிடக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இலவசச் சாப்பாடு. வருகிறவர்களில் வங்காளதேசத்தவரும் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் அதிகம். சாப்பாடு மட்டும் என்றால் காசைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். தொண்டூழியர்கள் அங்கே மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைப் பதிந்து, பேச்சுக்கொடுக்கிறார்கள். மேஸ்திரி என்ன சொன்னார், கையெழுத்து வாங்கிய தாளில் என்ன இருந்தது என்பதையெல்லாம் எந்தத் தொழிலாளியும் முதல் நாள் முன்பின் தெரியாத ஆளிடம் கொட்டிவிட மாட்டான். வாராவாரம் ஒரே முகம் உட்கார்ந்திருந்தால் ஒரு நாள் வாயைத் திறப்பான். சோறு அவனை அங்கே வரவைக்கிறது. அவனைப் பேசவைப்பது வேறு.

இதுவரை படித்துவிட்டு என் வயசுக்காரர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை எங்க இருக்கு?" என்று சொல்லத் தயாராக இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கட்டுரையின் இரண்டாம் பாதி உங்களுக்குத்தான்.

இளையர்கள் ஏன் நிற்பதில்லை? அவர்களை நிறுத்திவைக்க நாம் என்ன செய்தோம்? புதிதாக வரும் இருபது வயசுப் பிள்ளைக்கு முதல் நாள் என்ன நடக்கிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். "வாங்க தம்பி, அந்த மேசையில உக்காருங்க, அந்தப் பையனுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க." அவ்வளவுதான். பையன் அடம்பிடித்தால் என்ன செய்வது, அழுதால் என்ன செய்வது, அப்பா சிறையில் இருக்கிறார் என்று திடீரென்று சொன்னால் என்ன பதில் சொல்வது, ஒன்றும் யாரும் சொல்லித்தருவதில்லை. இரண்டு மணி நேரம் திணறிவிட்டு, தன்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற நினைப்போடு வீட்டுக்குப் போகிறான். அடுத்த வாரம் வரவில்லை என்றால் அதற்குப் பெயர் பொறுமையின்மையா? கடலில் தூக்கிப் போட்டுவிட்டு நீச்சல் தெரியவில்லை என்று திட்டுவதற்கு என்ன பெயர்?

அதையும் தாண்டி நிற்கிறவர்களுக்கு நாம் கொடுப்பது நாற்காலி அடுக்கும் வேலை. நம் அமைப்புகள் பலவற்றில் இளையர் பிரிவு என்று ஒன்று உண்டு. சுவரொட்டி வடிவமைப்பது, ஒலிபெருக்கி கட்டுவது, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை தட்டில் ஏந்திவருவது அதன் பணிகள். தலைவர் இருபது ஆண்டுகளாக அதே தலைவர். கேட்டால், "பொறுப்பெடுக்க ஆள் வரலியே" என்பார். பெயர் சொல்லவேண்டாத ஓர் அமைப்பில், நாலு ஆண்டு உழைத்த ஒரு பெண் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டபோது, "அதெல்லாம் உனக்கெதுக்கும்மா, நாங்க பாத்துக்குறோம்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் பெண் இப்போது ஒரு விலங்கு நலக் குழுவில் செயலாளர். நமக்கு நஷ்டம், பூனைகளுக்கு லாபம்.

விடாமுயற்சி என்பது பிறவிக்குணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது. பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து, பழகித்தான் வரும். இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் நடந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். அந்த இயக்கம் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சம்பளமில்லாத தொண்டர் ஒருவருக்குச் சுமார் 10 பேர் படிப்பார்கள். அந்தத் தொண்டர்களுக்கு மேலே அவர்களைப் பயிற்றுவிக்கும் பயிற்சியாளர், அவருக்கும் மேலே கருத்தாளர். கிராமத்துத் திண்ணையில் லாந்தர் வைத்து உட்கார்ந்த பதினெட்டு வயசுப் பெண் தனியாக இல்லை. அவளுக்குச் சிக்கல் வந்தால் போய்க் கேட்க ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தார்கள். இயக்கம் ஓய்ந்து அந்த அடுக்கு கலைந்தபோது, கற்ற எழுத்தை மறந்தவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தொடர்ச்சி அறுந்தால் கற்றதும் நிற்காது.

சிங்கப்பூரிலேயே இதற்கு முன்னோடி உண்டு. கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். ஐம்பதுகளில் அதே தமிழ் முரசு மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்காகவே இடம் ஒதுக்கியது. பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள், முரசு அச்சிட்டது, அவர்கள் திரும்ப எழுதினார்கள். பிற்காலத்தில் நம் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தவர்கள் பலர் அந்த மன்றத்துப் பிள்ளைகள். அங்கே யாரும் மணிக்கணக்கு பார்க்கவில்லை. ஒரு பெரியவர் ஒரு சின்னவரின் எழுத்தை எடுத்துத் திருத்தி, இன்னும் எழுது என்றார். இன்று நாம் பெருமைப்படும் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் ஒரு பகுதி அந்தத் திருத்தலில் வளர்ந்தது.

இன்னொரு தீவையும் சொல்கிறேன். 2015இல் துருக்கிக் கரையிலிருந்து ரப்பர் படகுகளில் சுமார் 5 லட்சம் பேர் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் வந்து இறங்கினார்கள். உலகமெங்குமிருந்து தொண்டர்கள் குவிந்தார்கள், பலர் சில வாரங்களில் திரும்பினார்கள். அந்தத் தீவின் ஸ்கலா சிகாமினியாஸ் என்ற மீனவ கிராமத்தில் எண்பது வயசைத் தாண்டிய மூன்று பாட்டிகள் ஓர் அகதிக் குழந்தைக்குப் பால்புட்டி கொடுக்கும் படம் உலகைச் சுற்றியது. அவர்களில் ஒருவரான எமிலியா காம்வீசி 2016 நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். படத்தைப் பார்த்தவர்கள் பாட்டியின் கருணையைப் பாராட்டினார்கள். அவருடைய தாயே சின்ன ஆசியாவிலிருந்து அதே கடலைக் கடந்து அகதியாக வந்தவர் என்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. நனைந்து வந்தவளுக்கு முதலில் என்ன தேவை என்பது அந்த வீட்டில் முன்னமே தெரிந்த விஷயம். பாட்டிக்கு யாரும் சான்றிதழ் வகுப்பு எடுக்கவில்லை; அம்மா இருந்தார்.

நம் பேட்டையிலும் அப்படிப்பட்ட அம்மாக்கள் இருந்தார்கள். சதுப்பையும் கம்பங்களையும் அகற்றி 1960களில் தோ பாயோ நகரம் எழும்பியபோது குடிவந்தவர்கள், எந்த வீட்டில் யார் காய்ச்சலில் கிடக்கிறார் என்று தாழ்வாரத்தில் நடந்தே தெரிந்துகொண்டார்கள். அவர்கள் செய்ததற்குத் தொண்டூழியம் என்ற பெயர்கூட இல்லை. அவர்களுக்கு வயசாகிவிட்டது, பலர் இப்போது உதவி பெறும் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை நாம் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டைச் சுத்தம் செய்யப் போன குழு அந்தப் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தப் புளோக்கின் பாதி வரலாறு கிடைத்திருக்கும்.

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகிற கட்டுரை எனக்கும் பிடிக்காது. ஆகவே சில கோரிக்கைகள்.

பிள்ளைகளோடும் முதியவர்களோடும் செய்யும் பணிக்கு மணிக்கணக்கை அடியோடு நிறுத்துங்கள். ஒரு பிள்ளை, ஓர் ஆண்டு என்பதே அளவாக இருக்கட்டும். வாராவாரம் முடியாதா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாருங்கள். ஷிப்ட் வேலையா, தேசிய சேவையா, முன்கூட்டியே சொல்லுங்கள், ஏற்பாடு செய்யலாம். குறைவாக வருவதில் குற்றமில்லை. வருவேன் என்று சொன்ன நாளில் வரவேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவரை முதல் மூன்று மாதம் தனி மேசையில் உட்காரவைக்காதீர்கள். பழையவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். வகுப்பு முடிந்ததும் பத்து நிமிஷம், ஒரு கோப்பி வாங்கிக்கொடுத்து, "இன்னிக்கு என்ன பாத்த?" என்று கேளுங்கள். எங்கள் குழுவில் ஐந்து ஆண்டுகளாக இதைச் செய்கிறோம். இதற்கு முன் வந்தவர்களில் பாதிப் பேர் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. இப்போது பெரும்பாலோர் ஆண்டைத் தாண்டுகிறார்கள். செலவு, ஒரு கோப்பி.

போகிறவர் பிள்ளையிடம் தானே சொல்லிவிட்டுப் போகவேண்டும். படிப்புக்காகவோ வேலைக்காகவோ போகத்தான் செய்வார்கள், அது தப்பில்லை. ஆனால் அடுத்து வருகிறவரைக் கையோடு அழைத்துவந்து, "இனிமே இந்த அக்காதான்" என்று அறிமுகம் செய்துவிட்டுப் போகட்டும். சொல்லாமல் காணாமல் போகும் பெரியவர்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

தலைவர்களே, பொறுப்பேற்ற அன்றே உங்களுக்கு அடுத்து வரப்போகிறவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். சாவி, கணக்கு, தொடர்பு எண்கள், மானியம் கேட்கும் கடிதம் எழுதும் விதம் எல்லாம் அவருக்கும் தெரியவேண்டும். நாலாவது ஆண்டில் எழுந்துவிடுங்கள். நீங்கள் எழுந்த பிறகும் அமைப்பு நடந்தால் அதுதான் உங்களுக்குப் பொன்னாடை.

கடைசியாகச் சான்றிதழ். கட்டாயம் ஒரு தாள் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அதில் மணி நேரம் என்ற கட்டத்தை அடித்துவிட்டு இரண்டு வரி போடுங்கள்: இவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? இவர் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்? முதல் வரி காலியாக இருந்தால் குற்றம் நம்முடையது. இரண்டாவது வரி காலியாக இருக்கும்வரை அந்தத் தொண்டு முடிந்துவிட்டதாக யாரும் கையெழுத்துப் போடவேண்டாம்.